மலைக்குத் துணி எடுக்கும்போது முதலில் காற்றைப் பாருங்கள்

கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ நீலகிரிக்குக் கிளம்பும் நண்பர்கள், முந்தைய நாள் இரவு போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "குளிர் எப்படி இருக்கு? ஸ்வெட்டர் போதுமா, ஜெர்கின் வேணுமா?" எந்தப் பக்கம் போகிறீர்கள், போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புகிறவருக்கு எது இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். நாள் முழுக்க வெளியில் நடக்கிறவர்களுக்கும், இங்கேயே மண்ணில் நின்று பிழைக்கிறவர்களுக்கும் உடம்பில் இருக்கும் துணி அவ்வளவு லேசான விஷயமில்லை.

எனக்குக் குந்தா பக்கம். சீகையும் (வாட்டில்) கற்பூரமும் (யூகலிப்டஸ்) மண்டிப் போன சரிவுகளில் திரும்பவும் சோலை மரம் வைக்கும் வேலை. கன்று நடுவதற்கு ஏற்ற காலமே மழைக்காலம்தான் என்பதால், வருஷத்தின் மிகக் கடினமான வேலை நாட்கள் எல்லாம் நனைந்துகொண்டே போகிறவை. அதனால் துணியைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. எதைப் போட்டால் மாலை நான்கு மணிக்கும் கை விரல் மடங்கும், எதைப் போட்டால் பத்து மணிக்கே பல் கிட்டிக்கும் என்று பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மலையில் வெளியில் போட ஒரு துணியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். அடுத்தது வியர்வை. மழை மூன்றாவதுதான். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

மழையை மூன்றாவதாக வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியதே என்பார்கள். உண்மைதான். அப்படிப்பட்ட நாளில் யாரும் வெளியில் வேலை செய்யப் போவதில்லை, போகவும் கூடாது. எந்தத் துணியும் அதற்கு ஈடு கொடுக்காது. கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் விடாமல் பெய்யும் கனமழைக்கும் குடையும் ரப்பர் பூட்ஸும் முழு ரெயின்கோட்டும்தான் சரி. இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

ஆனால் மலையின் மற்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். நடுவட்டத்திலும் எமரால்டிலும் மேல்பவானியிலும் தென்மேற்குப் பருவத்தில் மணிக்கணக்காகச் சாரலும் காற்றும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தின் தூறலும் மூடுபனியும். அது விட்டதும் நீர்ப்பனி, பிறகு உறைபனி. இந்த ஈரம் பெரும்பாலும் மேலிருந்து கொட்டுவதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்து, புருவத்திலும் மயிரிலும் ஸ்வெட்டரின் பஞ்சிலும் முத்து முத்தாய் ஏறி உட்காருவது. நாம் நனைவது மெல்ல, சூடு இழப்பது வேகமாக.

காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலை 5 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், திறந்திருக்கும் தோலுக்கு அது 0 டிகிரி போலத்தான். துணி நனைந்திருந்தால் இன்னும் மோசம்; நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க உறைபனி தேவையில்லை. 10 டிகிரியில் நனைந்த டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு காற்றுள்ள முகட்டில் நின்றால் போதும். மலையேற வரும் பிள்ளைகள் தடித்த பருத்தி ஹூடியைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பின்னலாடையின் ஓட்டைகள் வழியே காற்று தாராளமாகப் போகும். பஞ்சு நீரைக் குடித்துக்கொண்டு இடுப்புவரை தொங்கும்.

பிளாஸ்டிக் ரெயின்கோட் காற்றையும் மழையையும் சேர்த்தே தடுத்துவிடுமே என்று கேட்கலாம். மஞ்சூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். இடுப்பில் தார்பாயைச் சுற்றி, தோளில் பிளாஸ்டிக் தாளைப் போட்டிருந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு சரிவுல ஏறினா உள்ள மழை பெய்யுது கண்ணு. சாயங்காலம் கழட்டுறப்ப ஜாக்கெட்டைப் பிழியலாம். எங்கம்மா கண்டியில கம்பளிதான் போட்டுக்கிட்டு எடுத்தாங்க. கனம்தான், ஆனா குளிர் தெரியாதும்பாங்க."

"கம்பளி நனைஞ்சிடாதாக்கா?"

"நனையும். நனைஞ்சாலும் சூடு இருக்கும்ல."

இந்தச் சின்னப் பேச்சில் நெசவு விஞ்ஞானத்தின் பாதி இருக்கிறது. முதலில் 'உள்ளே பெய்யும் மழை'. சரிவில் கூடையைச் சுமந்து ஏறும் உடம்பு நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கில் அதற்கு வழியில்லை. குளிர்ந்த தாளின் உட்பக்கத்தில் பட்டு நீராகி, கீழே இறங்கி, உள்ளே போட்டிருக்கும் பருத்தியை நனைக்கும். வேலை செய்யும்வரை தெரியாது. தேநீருக்கு நிறுத்திய பத்து நிமிஷத்தில் முதுகு சில்லிடும்.

இதற்கு விடையாகத்தான் 'மூச்சுவிடும்' செயற்கைப் படலங்கள் வந்தன. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ள படலமாக விரிகிறது என்று கண்டுபிடித்தார். நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும். நல்ல கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜாக்கெட்டின் வெளித்துணிமேல் பூசிய நீர்விலக்கி தேய்ந்ததும் வெளித்துணி ஊறிப் போகும். ஊறிய துணியின் வழியே ஆவி வெளியேற முடியாது. பிறகு அதுவும் ஒரு விலையுயர்ந்த பிளாஸ்டிக் தாள்தான். முள்ளும் உண்ணிச்செடியும் உரசும் வேலையில் அந்தப் பூச்சு ரொம்ப நாள் நிற்பதில்லை. அந்தப் பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை என்பதால் பல நாடுகள் ஆடைகளில் அவற்றைத் தடை செய்து வருகின்றன. பவானியும் மாயாறும் பிறக்கும் மலையில் வாழ்கிற எனக்கு இது பக்கத்து வீட்டுச் சங்கதி அல்ல.

இனி கம்பளிக்கு வருகிறேன், என் மனசுக்கு நெருக்கமான துணி அது.

ஆட்டு மயிரின் வெளிப்புறம் செதில் செதிலாக இருக்கும். அந்தச் செதில்களின் மேல் இயற்கையாகவே கொழுப்புப் பொருள் ஒன்று படலமாக ஒட்டியிருக்கிறது. அது நீரோடு ஒட்டாது. தூறல் துளி அதன்மேல் விழுந்தால் பரவாமல் உருண்டு நிற்கும், உதறினால் விழும். மயிரின் உட்பகுதியோ இதற்கு நேர்மாறு. அது நீராவியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. இதோடு முடியவில்லை. ஈரத்தை வாங்கும்போது கம்பளி கொஞ்சம் சூட்டை வெளிவிடுகிறது. காய்ந்த கம்பளிச் சட்டையோடு வீட்டிலிருந்து மூடுபனிக்குள் இறங்கும்போது முதல் சில நிமிஷங்களில் உணரும் இதம் வெறும் பிரமையில்லை. மயிரின் சுருள் நனைந்தாலும் முழுக்கப் படுத்துவிடாது. இடையில் காற்று நிற்கும். அந்த நிற்கும் காற்றுதான் நமக்குச் சூடு. அக்காவின் அம்மா சொன்னது இதைத்தான்.

ஆனால் எல்லாக் கம்பளியும் ஒன்றல்ல. கடையில் தொங்கும் பின்னல் ஸ்வெட்டர் உள்ளே போட அருமை. வெளியே காற்றுக்கு எதிரே அது வலைதான். வெளியில் போட வேண்டியது நெய்து, அடித்து, இறுக்கிய கம்பளி. நெய்த துணியை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டுத் துவைத்து மிதிக்க மிதிக்க செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, பாவும் ஊடும் தெரியாத அளவுக்கு ஒன்றாகிவிடும். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் லோடன் கோட்டு இப்படிச் செய்ததுதான். பழைய ராணுவக் கோட்டுத் துணியும் இந்த வகையே. என் அப்பாவுக்கு மின்கம்பி பராமரிப்பு வேலை. அவரிடம் இருந்த கம்பளிக் கோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கிறது, கழுத்துப் பட்டை பளபளவென்று தேய்ந்துவிட்டது. அதன் துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு திரும்பி முகத்தில்தான் அடிக்கும். சாரலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் தோள்மேல் மாவு தூவியதுபோல் நுண்துளிகள் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். கையால் ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் போய்விடும், கீழே துணி காய்ந்தே இருக்கும்.

நம் பக்கத்தில் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். தக்காணத்து இடையர்களின் கறுப்புக் கம்பளி குழித்தறியில் நெய்வது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கத்துச் சள்ளக்கெரே இதற்குப் பெயர் போன ஊர். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைப் பாவு நூலில் தேய்த்துக் காயவைத்து நெய்வார்கள். முரட்டு மயிரின் பிசிர்களெல்லாம் அமுங்கி நூல் விறைக்கும், துணி கெட்டிப்படும். தொட்டால் சொரசொர, தோலில் நேரே போட முடியாது. ஆனால் அதை ஒரு மூலையில் மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு இடையர் மழையில் ஆட்டோடு நிற்பார். நீர் வழிந்து ஓடும். காற்று நுழையாது. இரவில் அதுவே பாய், அதுவே போர்வை. ஒரு துணிக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்.

தோட்டங்களில் கம்பளி கொடுப்பது வெறும் தருமம் அல்ல. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. துணி என்பது சுற்றுலாக்காரரின் ஆசை மட்டுமல்ல, மலையில் உழைப்பவரின் உரிமை என்று அன்றே எழுத்தில் ஏறியது. ஆனால் எத்தகைய துணி என்பதை அந்தப் பிரிவு தானே சொல்லாமல் மாநில விதிகளுக்கு விட்டுவிட்டது. கைக்கு வருவது மெல்லிய கலப்பு நூல் போர்வையாக இருந்தால், அந்த அக்கா மீண்டும் பிளாஸ்டிக் தாளைத்தானே தேடுவார்?

கம்பளிக்கு இந்த மலையிலேயே ஆடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவைப் பக்கத்துக் குறும்பை ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது நீலகிரி ஆடு. தென்னிந்தியாவில் மென்மையான மயிர் தரும் அரிய இனம். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழனி மலையில் கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. புல்வெளிகள் தேயிலையும் சீகையுமாக மாறிப் போனதில் நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. மயிருக்கு உள்ளூரில் நல்ல விலை கிடைத்தால் மேய்ப்பவருக்கு அதை வைத்திருக்க ஒரு காரணம் இருக்கும். ஒரு நல்ல கோட்டுத் துணிக்கான கச்சாப் பொருள் வீட்டு வாசலில் மேய்ந்துகொண்டிருக்க, நாம் அக்ரிலிக்கை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அக்ரிலிக் என்றதும் ஒரு விஷயம். சாலையோரத்தில் 'உல்லன்' என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். கண்டுபிடிக்க எளிய வழி: தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வெளியில், கையில் பிடிக்காமல் இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்தால் அணையும், மயிர் பொசுங்கும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறினால் கறுப்புக் குண்டாய் இறுகிவிடும். அடுப்படியில், நெருப்பு மூட்டிக் குளிர் காயும் இடத்தில் எதைப் போடலாம் என்பதற்கும் இதுவே பதில்.

அடுத்தது பருத்தி. மலைக்குப் பருத்தி ஆகாது என்று பொதுவாகச் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தோலோடு ஒட்டிப் போடும் பருத்தி ஆகாது. மேலே போடும் கெட்டி நெசவுப் பருத்தி வேறு சாதி.

இதன் கதை சுவையானது. ரப்பர் உறை இல்லாத பழைய தீயணைப்புக் குழாய்கள் ஆளிநாரில் (லினன் நூலில்) நெய்யப்பட்டவை. நீர் பாய்ந்ததும் நார் ஊதி, நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கசிவதோடு சரி. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிச் சட்டத்தில் பிடித்துக்கொள்கிறதே, அந்த வேலைதான். ஆளிநாருக்குத் தட்டுப்பாடு வரும் என்ற கவலையில், மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பருத்தியில் அதைச் செய்ய முயன்றார்கள். மிக நீண்ட இழையுள்ள பருத்தியை, அதிகம் முறுக்காமல், நூலோடு நூல் நெருக்கி நெய்தார்கள். வென்டைல் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில், உறையும் கடலில் விழுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும் நிலையில் இருந்த பிரிட்டிஷ் விமானிகளுக்கு இந்தத் துணியில் உடை தைத்தார்கள். காய்ந்திருக்கும்போது விமானத்துக்குள் புழுங்காது. தண்ணீரில் விழுந்ததும் இழைகள் ஊதி வாயை மூடிக்கொள்ளும். ரப்பரும் இல்லை, படலமும் இல்லை. நெசவே காப்பு.

அதற்கு முன்பே, 1879-இல், இங்கிலாந்தின் துணி வியாபாரி தாமஸ் பர்பெரி கேபர்டீன் துணியைக் கொண்டுவந்திருந்தார். நெய்த பிறகு துணிக்கு மருந்து பூசாமல், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்விலக்கு ஏற்றி, பிறகு நெருக்கமான ட்வில்லாக (சாய்கோட்டு நெசவாக) நெய்தது அவருடைய யோசனை. 1924-இல் எவரெஸ்டில் மறைந்துபோன பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மலோரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது அவர்மேல் இருந்தவை பட்டும் பருத்தியும் கம்பளியும், மேலே கேபர்டீனும். மெல்லிய அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று, கடைசியில் காற்றை நிறுத்தும் நெசவு. இன்று மலையேற்றக் கடைகளில் புதிதாகச் சொல்லித்தரும் அடுக்கு முறை அன்றே முழுசாக இருந்திருக்கிறது.

இதில் நம் ஊர்ச் சேதி ஒன்று உண்டு. வென்டைல் போன்ற துணிக்கு உயிர்நாடி மிக நீண்ட இழைப் பருத்தி. இந்தியாவின் மிக நீண்ட இழைப் பருத்தியான சுவின், 1970-களில் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது. சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் இணைத்த ஒட்டுரகம். இரண்டு பெயரையும் சேர்த்தே 'சுவின்'. மலைக்கு அடியிலேயே பருத்தி ஆராய்ச்சி, நூற்பாலை, சோமனூரில் விசைத்தறி, திருப்பூரில் தையல். இத்தனையும் குன்னூர் மலைப்பாதையில் இறங்கினால் அரை நாள் சுற்றில் இருக்கின்றன. மலைக்காரர் போடுவதற்கு ஒரு கெட்டிப் பருத்தி மேலாடை நெய்து தைக்க என்ன குறை? கேட்பவர் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதவும் செய்கிறேன்.

அதுவரை கிடைப்பதில் நல்லதைப் பொறுக்க வேண்டும். துணிக்கடையில் நான் செய்வது இதுதான். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். ஊசித்துளை ஊசித்துளையாய் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுவேன். அடுத்து உதட்டோடு அழுத்திப் பிடித்து ஊதுவேன். மறுபக்கம் கையில் காற்று படக்கூடாது. கடைக்காரர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். வெளுக்காத காடாத் துணியில் பருத்திக்கு இயற்கையாக உள்ள மெழுகு அப்படியே இருக்கும், தறிக் கஞ்சியும் இருக்கும். அதனால் முதலில் சொட்டு உருண்டு நிற்கும். சோப்புப் போட்டு வெந்நீரில் நாலு தடவை துவைத்தால் அந்த மெழுகு போய்விடும், பிறகு சொட்டு விழுந்த இடத்திலேயே குடித்துவிடும். ஆகவே சொட்டுச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சமும் ஊதலும்தான் நெசவின் உண்மையைச் சொல்லும். பை தைக்கும் கித்தானில் மெல்லிய ரகம், கெட்டியான டிரில், சீருடைக் கேபர்டீனில் பருத்தி அதிகமுள்ளது — இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் தேறும்.

பருத்திக்கு நீரைத் தாங்கும் திறனைக் கூட்ட மெழுகு. பாய்மரக் கப்பல்காரர்கள் பாய்க்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததிலிருந்து வந்த வழக்கம் இது. நமக்குத் தேன்மெழுகே கிடைக்கிறது. கோத்தகிரிப் பக்கம் குறும்பரும் இருளரும் பாறைத் தேன் எடுக்கும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும். தனியாகப் பூசினால் குளிரில் விறைத்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். பாதி பாரஃபின் மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறு பாத்திரம் வைத்து உருக்கி, கட்டியாக ஆறவிட்டு, அந்தக் கட்டியைத் துணிமேல் அழுத்தித் தேய்த்து, முடி உலர்த்தும் ட்ரையரால் சூடு காட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கும். ஆளிவிதை எண்ணெய் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகுதான் எறிய வேண்டும்.

முழுக்க மெழுகு பூசினால் துணியின் மூச்சு குறையும். தோள், தலைமூடி, கையின் மேற்புறம் மட்டும் பூசுவது என் வழக்கம். முதுகின் கீழ்ப்பாதியும் அக்குளும் வெறும் நெசவாகவே இருக்கட்டும். மூடுபனியும் சாரலும் தோளில்தான் இறங்கும், வியர்வை முதுகில்தான் கிளம்பும்.

இந்தத் துணிகளின் குறையையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கனமழை என்றால் கெட்டி நெசவுப் பருத்தி கடைசியில் ஊறத்தான் செய்யும். ஊறினால் பலகையாய் விறைக்கும், காய இரண்டு நாள் எடுக்கும். கம்பளி நனைந்தால் கனம். மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எரியாத அறையில் இரண்டுமே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மேற்குச் சரிவில் ஆடி மழைக்குப் போகிறவர் பையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மழைத்துணி கட்டாயம் இருக்கட்டும். பெருமழை பிடிக்கும்போது மேலே போட்டு, விட்டதும் கழற்றிவிடலாம். அட்டைக்குக் காலுறையும் இந்தக் கெட்டிப் பருத்தியில் தைத்துக்கொள்ளலாம். பின்னல் காலுறையில் அட்டை நுழையும், இதில் நுழையாது.

பட்டுத் துணியைப் பற்றி ஒரே வார்த்தை: நெருக்கமாய் நெய்த மெல்லிய பட்டு காற்றை நன்றாக நிறுத்தும், கம்பளிக்கு உள்ளே போட இதம். விலையும் பராமரிப்பும் வேலைக்கு ஒத்து வராது.

தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிப் போர்வையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களின் பூவேலையைத்தான் எல்லோரும் பேசுகிறோம், சிவப்பும் கறுப்பும் எத்தனை அழகு என்று. அந்தப் பூவேலைக்கு அடியில் இருப்பது இரட்டையாகச் சேர்த்த தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்று நிற்கும், தோளைச் சுற்றிப் போர்த்தினால் பக்கவாட்டுக் காற்றுக்கு இடமில்லை. திறந்த புல்வெளியில் எருமையோடு நிற்பவர்களின் உடை அப்படித்தான் இருக்க முடியும்.

துணி கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் தையல்காரர் கையில். கித்தானோ டிரில்லோ, வெட்டுவதற்கு முன் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் சுருக்கம் முன்பே வந்துவிடும். தோளின் உச்சியில் தையல் வரக்கூடாது. முன்னும் பின்னுமாக ஒரே துண்டாய்த் தோளைப் போர்த்தும்படி வெட்டச் சொல்லுங்கள், நீர் முதலில் இறங்குவது தோள் தையலில்தான். பருத்தி நூலில் தைக்கச் சொல்லுங்கள். நனைந்தால் நூலும் ஊதி ஊசித்துளையை அடைக்கும், பாலியஸ்டர் நூல் அடைக்காது. விளிம்புகளை ஓவர்லாக்கோடு விடாமல் மடித்து இரட்டைத் தையல். ஜிப்புக்கு மேலே ஒரு பட்டி, மணிக்கட்டில் பொத்தான், காது மூடும் உயரத்துக்குக் கழுத்துப் பட்டை. நீளம் தொடை பாதி வரை, ஏறி இறங்க வசதியாகப் பின்னால் ஒரு வெட்டு. கழுவும்போது பச்சைத் தண்ணீரும் பிரஷும் போதும்; டிடர்ஜென்ட் துணியில் மிச்சமிருந்தால் நீரை உள்ளே கூட்டி வரும், மணமூட்டும் சாஃப்ட்னரும் அப்படித்தான். கம்பளியை அந்துப்பூச்சியிடமிருந்து காக்க வெயில் அடிக்கும் நாளெல்லாம் வெளியில் உதறிப் போடுங்கள். மடிப்புக்குள் வேப்பிலையும் வைக்கலாம்; இங்கே வேம்பு வளராது என்பதால் எங்கள் வீட்டுக்கு அது மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வரும்.

அளவு கொடுக்கப் போகும்போது உள்ளே போடப் போகும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே போங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, அப்போதும் இடுப்பு தெரியாத நீளமாக வெட்டச் சொல்லுங்கள்.